இருநூற்றுப் பதினைந்தாம் வில்லை

கப்பலுக்கு அடியில் போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் அடியில் ஆளில்லை. அதற்குப் பிறகுதான் மேஸ்திரி விசில் ஊதலாம். ஜெனோவாவுக்குப் பக்கத்தில் இருந்த செஸ்த்ரியின் கப்பல் பட்டறையில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

தெராமோ கனேபாவின் எண் இருநூற்றுப் பதினான்கு. பெலேக்ரோ ஒல்சேசேயின் எண் இருநூற்றுப் பதினைந்து. பக்கத்துப் பக்கத்து ஆணி. ஒரே நாளில் தச்சு வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெலேக்ரோவின் மகள் இரிதேக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவன் தெராமோ. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெற்றவனும் ஞானத்தகப்பனும் கூப்பிட்டுக்கொள்கிற மாதிரி, கும்பாரே என்றுதான். பெலேக்ரோவின் மனைவி பெனெதெத்தாவும் அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்; அவளை அவன் தெத்தா என்பான்.

மத்தியானச் சங்கு ஊதினால் பலகைக்கு முன்னால் நெரிசல். முதலில் வருகிறவன் இரண்டு வில்லைகளையும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பான். அடுத்தவன் நேரே வந்து வாங்கிக்கொள்வான். பட்டறையில் பாதிப் பேர் இப்படித்தான். மேஸ்திரி மொராஸ்ஸோவுக்கும் தெரியும். பார்த்தும் பாராத மாதிரி இருப்பார்.

வியோலாந்தே என்ற கப்பல் கடலில் இறங்கியது 1925 செப்டம்பரில். அதுவரை அந்தக் கரையில் அவ்வளவு பெரிய கப்பல் இறங்கியதில்லை என்றார்கள். மேடையில் ஆயர், பாசிஸ்ட் கட்சிக்காரர்கள், ரோமிலிருந்து வந்த ஒரு சீமாட்டி. பட்டறையின் வழக்கப்படி, அடியில் போகும் ஒவ்வொருவனுக்கும் ஒரு டம்ளர் வெள்ளைத் திராட்சை மது. அதைக் குடித்துவிட்டு நாற்பது பேர் உள்ளே போனார்கள். கப்பலின் எடையைத் தாங்கிய முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். கடைசிக் கட்டை விழுந்தபின் கப்பல் சறுக்கு மரங்களில் பூசிய வெறும் கொழுப்பின் மேல் நிற்கும்.

சம்மட்டி அடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு தாளம் உண்டு. பெலேக்ரோவினுடையது இரண்டு மெல்ல, கொஞ்சம் நிறுத்தி, ஒன்று பலமாக. கதவு தட்டினாலும் அப்படித்தான் தட்டுவான்.

"நம்ம வரிசை முடிஞ்சிது, கும்பாரே. வா," என்றான் தெராமோ.

"நீ போ. பின்னாடியே வந்துட்டேன்."

தெராமோ வெளியே வந்தான். கை தானாகவே இரண்டு ஆணிகளுக்கும் போயிற்று. எதிரே கூட்டத்தில் பெனெதெத்தா நான்கு வயது இரிதேயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் போய்க் குழந்தையை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டான்.

பலகை காலி. மொராஸ்ஸோ விசில் ஊதினார். வாத்தியம் முழங்கியது. மேடையிலிருந்து எறிந்த மதுப்புட்டி கப்பலில் மோதி உடைந்தது. கப்பல் முதலில் அசையவே இல்லை. பிறகு, ஒரு தெரு முழுவதும் எழுந்து நடந்துபோவதுபோல, போயிற்று. குழந்தை கைதட்டியது. கொழுப்பு எரிந்து புகை எழுந்தது. புகை அடங்கியபோது, கப்பல் நின்ற வெற்றுத் தளத்தின் நடுவில், யாரோ கழற்றிப்போட்ட அங்கி மாதிரி ஒன்று கிடந்தது.

பக்கத்தில் ஒரு கட்டை ஆப்போடு கிடந்தது. கழலாமல் நின்ற கட்டை. அதற்காகத்தான் பின்தங்கியிருக்கிறான்.

விசாரணை மூன்று நாளில் முடிந்தது. கழுத்துப்பட்டி கட்டிய இருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"ஒல்சேசே உன்கூட வெளிய வந்தானா?"

தெராமோ மொராஸ்ஸோவைப் பார்த்தான். மொராஸ்ஸோ தரையைப் பார்த்தார்.

"வந்தான்," என்றான் தெராமோ.

ஒல்சேசே வெளியே வந்து, வில்லையை எடுத்துக்கொண்டு, குடிபோதையில் காரணமின்றி மீண்டும் உள்ளே போனான் என்று எழுதிக்கொண்டார்கள். அவனுடைய வில்லை எங்கே என்று தேடினார்கள். கொழுப்பில் எங்கோ போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பட்டறையில் இறந்தவர்களின் பெயர்களைக் கோயில் சுவரில் ஒரு சலவைக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்கள் தினத்தன்று, பாதிரியார் அதை உரக்க வாசிப்பார். பெலேக்ரோவின் பெயரை வெட்டவில்லை. தன் குற்றத்தால் செத்தவனுக்குக் கல்லில் இடமில்லை என்றது பட்டறை.

அந்த நவம்பரில் வாசிப்பு முடிந்ததும் பெனெதெத்தா கோயில் படியில் தெராமோவை நிறுத்தினாள்.

"ஒரு டம்ளருக்கு மேல அவர் தொடமாட்டார், கும்பாரே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப வெளிய வந்த மனுஷன் எதுக்கு உள்ள போனார்?"

அவன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பினான்.

"வெளிய வந்ததை நீங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் சொன்னதை அவள் நம்பினாள். கணவனைத்தான் சந்தேகிக்க ஆரம்பித்தாள். அது அவள் முகத்தில் தெரிந்த அந்த நொடியைத் தெராமோவால் மறக்க முடிந்ததில்லை.

அவள் வீட்டுத் தெருவில் நடக்க அவனால் முடியவில்லை. பட்டறை வேலையை விட்டான். வில்லையைத் திருப்பிக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றான். இரண்டும் அவன் கோட்டுப் பையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கடலுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். தச்சன் வேண்டும் என்று கேட்ட கப்பல் ஒன்றே ஒன்றுதான். வியோலாந்தே.

"அதுலயா?" என்றார்கள் தெரிந்தவர்கள்.

"சம்பளம் நல்லா குடுக்கறான்," என்றான்.

ஜெனோவாவிலிருந்து நேப்பிள்ஸ், அங்கிருந்து புவெனஸ் ஐரெஸ். பதினான்கு நாள். மேலே முதல் வகுப்பில் கூரையெல்லாம் தேவதைகளை வரைந்திருந்தார்கள். பெண்கள் முத்துமாலையோடு சாப்பிட வந்தார்கள். தளத்தில் வெட்டிய குளத்தில், கடலின் நடுவே, வெந்நீரில் நீந்தினார்கள். பத்திரிகைகளில் கப்பலின் படம் வந்தது, தபால்தலையில்கூட வந்தது. கீழே மூன்றாம் வகுப்பில் கலாப்ரியாக்காரர்களும் வெனேத்தோக்காரர்களும் ஆயிரம் பேர், மெத்தைக்கு ஒருவராக, ஊர்ப் பாலாடைக்கட்டியைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். அவர்களுக்கும் கீழே தண்ணீர்த் தொட்டிகள். அதுதான் தெராமோவின் இடம்.

காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு தொட்டியிலும் சுண்ணாம்பு தடவிய கம்பியை இறக்கி, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஜிப்ரால்டர் தாண்டிய முதல் காலை, நான்காம் தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் கேட்டது. இரண்டு மெல்ல. ஒரு நிறுத்தம். ஒன்று பலமாக.

கம்பி கையிலிருந்து நழுவிப் போயிற்று.

பம்புக்காரன் ஃபோர்த்துனாத்தோ சிரித்தான். காமோலி ஊர்க்காரன். எதற்கும் சிரிப்பான். "இரும்புடா. சூட்டுல விரியும், குளுந்தா சுருங்கும். உன் வீட்டுக் கட்டில் முனகாதா?"

"நான் கல்யாணம் பண்ணிக்கல."

"அதான பாத்தேன். கட்டில் சத்தமே கேக்காத ஆளு!"

ஒவ்வொரு பயணத்திலும் கேட்டது. தினமும் இல்லை. கேட்குமா என்று எதிர்பார்க்கிற நாட்களில் கேட்காது. ரொட்டியைக் கடித்துக்கொண்டு சும்மா நிற்கிறபோது கேட்கும். ஒருமுறை தெராமோ சுத்தியலை எடுத்துத் தகட்டில் பதிலுக்குத் தட்டினான். உடனே நின்றுவிட்டது. கேட்டதைவிட அந்த மௌனம் பயங்கரமாக இருந்தது. அடியில் இருக்கிறவன் காதைத் தகட்டில் வைத்துக் காத்திருப்பது மாதிரி. அதற்குப் பிறகு அவன் பதில் தட்டவில்லை.

வருஷங்கள் போயின. முதல் வகுப்பில் முத்துமாலைகள் குறைந்தன. அர்ஜென்டினா கதவைச் சாத்தியது. போகிறவர்களைவிடத் திரும்பி வருகிறவர்கள் அதிகமானார்கள். அவர்கள் பேசாமல் வந்தார்கள். கப்பல் கம்பெனிகளை அரசாங்கம் ஒன்றாகச் சேர்த்தது. கப்பலின் கறுப்பு உடம்புக்கு வெள்ளை அடித்தார்கள். வெள்ளைக்கும் கூட்டம் வரவில்லை. 1933 கடைசியில் வியோலாந்தேயை ஜெனோவாத் துறைமுகத்தின் ஒரு மூலையில் கட்டிப்போட்டார்கள். கொதிகலன்களை அணைத்தார்கள். காவலுக்கு ஆறு பேரை வைத்தார்கள். தெராமோ, ஃபோர்த்துனாத்தோ, இன்னும் நால்வர்.

அணைந்த கப்பலில் விரிய இரும்புக்குச் சூடில்லை. ஒரு வாரம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, இருவரும் நான்காம் தொட்டிப் பக்கம் நின்றிருந்தபோது கேட்டது. இரண்டு மெல்ல. ஒன்று பலமாக.

ஃபோர்த்துனாத்தோ இந்த முறை சிரிக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்ச ஆளா?" என்று மட்டும் கேட்டான். அதன்பின் அவன் தனியாகக் கீழே இறங்கியதில்லை.

மறு ஆண்டு ஏப்ரலில் மெத்தைக்காரிகள் வந்தார்கள். மூன்றாம் வகுப்பு மெத்தைகளைப் பிரித்து, கம்பளியைச் சிக்கெடுத்து, மறுபடி அடைத்துத் தைக்க வேண்டும். எட்டுப் பெண்கள் செஸ்த்ரியிலிருந்து முள்சீப்புகளோடு ஏறினார்கள். ஏழாவதாக ஏறியவள் பெனெதெத்தா.

முடி நரைத்திருந்தது. அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"நல்லா இருக்கீங்களா, கும்பாரே?"

"இருக்கேன். இரிதே?"

"பதிமூணு முடியப்போகுது. பேச்சு அவங்கப்பா மாதிரி. அந்தப் பேச்சாலதான் பள்ளிக்கூடத்துல அடி வாங்கிட்டு வருவா. குடிகாரன் பொண்ணுன்னு எவளாவது சொல்லிட்டா விடறதில்ல."

அவன் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கப் போனான். அந்தத் தாழ்ப்பாளில் எந்தக் கோளாறும் இல்லை.

மூன்றாம் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். பழைய கம்பளி பறந்து மூக்கில் ஏறியது. மாரின் என்ற பருத்த பெண்ணுக்கு வாய் ஓயாது.

"தச்சரே, இந்தக் கப்பல்ல பேய் இருக்காமே. ஆம்பளப் பேயா, பொம்பளப் பேயா?"

"எதுவா இருந்தா உனக்கென்ன?"

"ஆம்பளப் பேய்னா சட்டையத் தைச்சுக் குடு, சூப்புல உப்பில்லன்னு கேக்கும். அதுக்கு வீட்டுல ஒண்ணு இருக்கு. எனக்கு வேண்டாம்."

பெண்கள் சிரித்தார்கள். பெனெதெத்தாவும் சிரித்தாள். மூன்றாம் நாள், அவர்கள் கடலைமாவு அடையைத் துண்டு போட்டுப் பகிர்ந்துகொண்டிருந்தபோது, தரைக்கு அடியில் கேட்டது.

இரண்டு மெல்ல. ஒன்று பலமாக.

மாரின் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுபடியும் கேட்டது. பெண்கள் அடையை அப்படியே விட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஓடினார்கள். பெனெதெத்தா மட்டும் எழவில்லை. கையிலிருந்த துண்டை மெல்லக் கீழே வைத்தாள். வாசலில் நின்ற தெராமோவைப் பார்த்தாள்.

"வேலை விட்டு வந்தா அவர் இப்படித்தான் கதவு தட்டுவார்," என்றாள்.

"ஆமா."

"எவ்வளவு நாளா கேக்குது?"

"முதல் பயணத்துலேர்ந்து."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவன் உள்ளே வந்து அவளுக்கு எதிரே கம்பளிக் குவியலில் உட்கார்ந்தான். கோட்டுப் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து, விரித்த மெத்தைத் துணியின் மேல் வைத்தான். அவள் எடுத்து, கட்டைவிரலால் எண்ணைத் தடவினாள். அந்த வில்லையை அவளும் நூறு முறை கணவனின் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தவள்தான்.

"அவன் வெளிய வரவேயில்ல, தெத்தா. நான் ரெண்டையும் எடுத்துட்டேன். எப்பவும் எடுக்கற மாதிரி."

அவள் வில்லையைத் துணியின் மேல் திரும்ப வைத்தாள்.

"பின்னாடியே வர்றேன்னான். வந்துட்டான்னு நெனச்சேன். விசில் ஊதினாங்க. வாத்தியம் வாசிச்சாங்க. இரிதே என் தோள்ல இருந்தா." அவன் நிறுத்தினான். சொல்லாமல் விட்டுவிட இன்னும் இடம் இருந்தது. "அப்ப கேட்டுச்சு. அடியிலேர்ந்து. ரெண்டு மெல்ல, ஒண்ணு பலமா. பைக்குள்ள கைய விட்டேன். ரெண்டு வில்லை இருந்துச்சு. கப்பல் இன்னும் நகரல, தெத்தா. ஒரு சத்தம் போட்டிருந்தா நிறுத்தியிருப்பாங்க. மேடையில அவ்வளவு பெரிய மனுஷங்க. நான் தப்பாக் கேட்டிருந்தா என்ன ஆகும்னு நெனச்சேன். அவ்வளவு நேரந்தான் நெனச்சேன். அதுக்குள்ள நகந்துடுச்சு."

கீழே எந்தச் சத்தமும் இல்லை.

"உங்க பக்கத்துலதானே நின்னேன் நான்," என்றாள் கடைசியில். "எனக்குக் கேக்கலியே."

"வாத்தியச் சத்தம்."

"ஒன்பது வருஷம். பக்கத்து வீட்டுக்காரி குடிகாரன்னா. என் மாமனார் சொன்னார். நானே சொன்னேன், கும்பாரே. ராத்திரி படுத்துக்கிட்டு, பாவி, குடிச்சுட்டுப் போயி எங்கள இப்படி விட்டுட்டியேன்னு அவர நானே திட்டினேன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு உங்களக் கேட்டேன்."

அவன் வில்லையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தொடவில்லை.

"எனக்கு வேண்டாம். எடுத்தவர் திருப்பி வைக்கணும். எங்க எடுத்தீங்களோ அங்க வைங்க. எங்க வாய மூடினீங்களோ அங்க போய்த் தொறங்க. மெத்தை தைக்கிறவகிட்டச் சொல்லி என்ன ஆகும்?"

முள்சீப்பை எடுத்துக் கம்பளியை இழுக்கத் தொடங்கினாள். அவன் எழுந்து போகும்வரை தலை நிமிரவில்லை.

அந்த ஞாயிறு, பூசை முடிந்ததும், தெராமோ மொராஸ்ஸோவைப் பிடித்தான். அவர் இப்போது தலைமை மேஸ்திரி. சட்டையில் கட்சிச் சின்னம் குத்தியிருந்தார். உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அவன் சொல்லி முடிக்கும் முன்பே அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"போனவன் போயிட்டான். இப்ப என்ன காலம்னு தெரியுமா உனக்கு? பட்டறை பொய் சொல்லுச்சுன்னு சொன்னா அரசாங்கம் பொய் சொல்லுச்சுன்னு அர்த்தம். உன்னைத் தீவுச் சிறைக்கு அனுப்பிடுவாங்க."

"உங்களுக்குத் தெரியும்ல, நாங்க மாத்தி மாத்தி எடுக்கறது?"

"எல்லாரும் எடுத்தாங்க."

"அதைத்தான் கேட்டேன்."

"எனக்கு மூணு பிள்ளைங்க, கனேபா," என்றார் மொராஸ்ஸோ. போய்விட்டார்.

ஜூலையில் பட்டறை ஒரு எண்ணெய்க் கப்பலை இறக்கியது. வியோலாந்தேயில் பாதிகூட இல்லை. ஆனாலும் மேடை, கொடி, வாத்தியம். ரோமிலிருந்து ஒரு துணைமந்திரி. கப்பல் இறங்குகிற நாளில் பழைய வேலைக்காரர்களை வாசலில் தடுப்பதில்லை. தெராமோ உள்ளே போனான். பலகை அதே இடத்தில் இருந்தது. அதே ஆணிகள். இருநூற்றுப் பதினான்கில் யாரோ புதியவனின் வில்லை தொங்கியது. அதற்கு அடுத்த ஆணியை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. துரு ஏறியிருந்தது.

மதுவைக் குடித்துவிட்டு ஆட்கள் உள்ளே போயிருந்தார்கள். பலகைக்காரன் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெராமோ வில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றான்.

சம்மட்டிச் சத்தம் ஒன்றொன்றாக ஓய்ந்தது. ஆட்கள் வந்து வில்லைகளை எடுத்துக்கொண்டார்கள். மொராஸ்ஸோ விசிலைக் கையில் பிடித்தபடி வந்தார். பலகையைப் பார்த்தார். ஒன்று மிச்சம்.

"யாருடா இன்னும் உள்ள?"

யாரும் இல்லை என்றார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். முப்பத்திரண்டு போனது, முப்பத்திரண்டும் வந்திருந்தது. இருவரை மறுபடி உள்ளே அனுப்பினார். முழங்காலில் தவழ்ந்து முழுவதும் பார்த்துவிட்டு வந்தார்கள். யாருமில்லை. மேடையில் துணைமந்திரி கடிகாரத்தை எடுத்தார். வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டை இரண்டாம் முறையாக ஆரம்பித்தார்கள்.

மொராஸ்ஸோ கிட்டப் போய் எண்ணைப் படித்தார். முகம் கம்பளி நிறத்துக்குப் போயிற்று.

"யார் மாட்டினது?"

"நான்," என்றான் தெராமோ. வாத்தியத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் கத்தினான். "பெலேக்ரோ ஒல்சேசேயோட வில்லை. அவன் எடுக்கல. நான்தான் எடுத்தேன். அவன் குடிச்சுட்டுத் திரும்பிப் போகல. அவன் இன்னும் வெளியவே வரல."

வரிசையில் நின்றவர்களில் வயதானவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வாத்தியம் ஒவ்வொரு கருவியாக நின்றது.

"எடுடா அதை," என்றார் மொராஸ்ஸோ மெதுவாக.

"மாட்டினவன்தான் எடுக்கணும்னா நான் எடுக்கலாம். உள்ள இருக்கறவன்தான் எடுக்கணும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

மொராஸ்ஸோ நின்றார். மேடையிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். அவர் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். ஊதவில்லை. மெல்லக் குனிந்தார். அவருக்கு வயது அறுபது. ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டுதான் முடிந்தது. கப்பலின் வயிற்றுக்கு அடியில் இருந்த இருட்டைப் பார்த்தார்.

"பெலேக்ரோ!" என்று கூப்பிட்டார்.

கொழுப்பு வாசனைதான் வந்தது. அவர் இன்னும் ஒருமுறை, கொஞ்சம் தணிந்த குரலில், கூப்பிட்டார். பிறகு காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெனெதெத்தா வந்தாள். கூடவே பெலேக்ரோவின் தாடையோடு ஒரு உயரமான பெண். பெனெதெத்தா பலகை முன் நின்று வில்லையை ஆணியிலிருந்து எடுத்தாள். மகளின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இப்ப ஊதுங்க," என்றாள்.

விசில் ஊதியது. கப்பல் நகர்ந்தது. யாரும் கைதட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கிய கறுப்புச் சட்டைக்காரர்கள் இருவர் கூட்டத்துக்குள் வழி கேட்டுக்கொண்டு தெராமோவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல் வந்தார்கள். அவன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டான். இருநூற்றுப் பதினான்கு மட்டும் இருந்தது.